ஏழாவது வளைவில் பார்த்த குரங்கு

அன்புள்ள பாப்பா,

ரிஷிவேலி ஹாஸ்டல் பள்ளியில் உன் பையனை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நேற்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம், இருபது கேள்விக்குப் பதில் எழுதி அவனை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. ஃபோனில் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பத்தாவது வயதில் இதேபோல ஒரு பள்ளி நேர்காணலுக்கு ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? சேலத்திலிருந்து பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில் நீ வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துவிட்ட கையோடு, 'மை ஹாபி' என்று மறுபடி ஆரம்பி என்றேன். அங்கே பேசிய அந்த அம்மா சிரித்த முகத்தோடு, தமிழிலேயே, "வர்ற வழியில என்ன பார்த்தே?" என்று கேட்டார். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். அந்தக் கேள்வி நான் பதில் எழுதிக் கொடுத்த நோட்டில் இல்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, 'மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ்' என்று சொன்னாய்.

இறங்கி வரும்போது ஜன்னலில் சாய்ந்துகொண்டு நீயாகவே சொன்னாய்: "ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் எழுதியிருக்கும்மா. ஏழாவதுல ஒரு குரங்கு, குட்டியை வயித்துல ஒட்ட வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு." அந்த அம்மா கேட்டது இதைத்தானே! பதில் உன்னிடமே இருந்தது. நான்தான் அதன்மேல் என் பதில்களை அடுக்கி மூடிவிட்டேன். உனக்கு இடம் கிடைத்தது, படித்தாய், நன்றாகவே இருக்கிறாய். ஆனாலும் நீ என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதுவும் நீ போகிற இடம் ரிஷிவேலி. 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி வழியில் வந்த பள்ளிக்கூடம். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாதே என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் அவர். சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்தில் பேசாமல் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள், அஸ்தாசல் என்று அதற்குப் பெயர். சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கே நேரம் ஒதுக்கியிருக்கிறவர்களிடம் போய் நம் பிள்ளை ஒப்பித்தால் எப்படி இருக்கும்? நீ எழுதின அந்த இருபது பதிலை எடுத்து வைத்துவிடு. பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், முந்தின நாளே போய்விடுங்கள். காரில் அவன் கையில் ஃபோனைக் கொடுக்காதே, வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும்.

நேர்காணல் அவனுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். எதற்காக ஹாஸ்டல் என்று நிச்சயம் கேட்பார்கள். 'டிசிப்ளின் வரும்' என்று மாப்பிள்ளை சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள், அவன் டிவியோடு தனியாக இருக்கிறான், நாலு பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளரட்டும் என்று நினைக்கிறீர்கள். அதுதானே உண்மை, அதையே சொல்லுங்கள். அவனுடைய வீசிங்கை மறைக்கவே கூடாது. இன்ஹேலர் எப்போது தேவைப்படுகிறது, தூசியிலா பனியிலா, எல்லாம் சொல்லிவிடு. நடுராத்திரி மூச்சு முட்டினால் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

தயார் செய்ய வேண்டும் என்றால் இதைச் செய். தலையை அவனே துவட்டிக்கொள்ளட்டும். போன லீவுக்கு வந்தபோது முன்பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டு பின்கழுத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். சாக்ஸைத் துவைக்கவும் போர்வையை மடிக்கவும் பழக்கு. அங்கே சைவச் சாப்பாடுதான், ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் இருக்க முடியுமா என்று இப்போதே பேசிவிடு. கடைக்குத் தனியாக அனுப்பு, மீதிச் சில்லறை குறைந்தால் அவனே கேட்டு வாங்கட்டும். தெரியாத கேள்விக்கு 'தெரியாது' என்று சொல்லலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று சொல்லி வை. வெளியே வந்ததும் 'என்ன கேட்டாங்க, என்ன சொன்னே' என்று நான் உன்னைப் பிடுங்கினதுபோலப் பிடுங்காதே. பசிக்கிறதா என்று கேள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உனக்கு அங்கே போக இஷ்டமா என்று அவனிடம் கேட்டாயா? உன்னிடம் நான் கேட்கவே இல்லை, பாப்பா. பெட்டியைக் கட்டி முடித்த பிறகும் கேட்கவில்லை. அவனிடம் கேள், உடனே பதில் வராது, இரண்டு நாள் விட்டு மறுபடி கேள். வேண்டாம் என்றால் அந்த வார்த்தையையும் கேட்டுக்கொள். அப்படி இருந்தால் இந்த வருஷம் நான் அங்கே வந்து இருக்கிறேன், அவன் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்கும். அப்பாவிடம் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார்.

அன்புடன்,
அம்மா