படுவான்கரைக்கும் மின்னல் எச்சரிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 5 தொடக்கம் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். மட்டக்களப்புக்கு அது ஏறத்தாழ 9ஆம் திகதி. வெயிலைவிடக் காற்றில் உள்ள ஈரப்பதம்தான் ஆளை வாட்டும், வியர்வை காயாது.

வெயில் சரி, குடையைப் பிடித்துச் சமாளிக்கலாம். இடிமின்னல் அப்படியல்ல. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்த இடைப்பருவத்தில் நகரத்தில் கடற்காற்று வீசிக்கொண்டிருக்க, வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கரடியனாறு, உன்னிச்சைப் பக்கம் பிற்பகலில் வானம் கறுத்துவிடும். அங்கே சிறுபோக நெல் விதைப்புக்காரர்களும் மாடு மேய்ப்பவர்களும் வெட்டவெளியில் நிற்பார்கள். முதல் தூறலுக்கே தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குளக்கட்டில் தனியே நிற்கும் மருத மரத்தடிக்குத்தான் ஓடுவார்கள். மின்னலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

‘கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் மழை பெய்யலாம்’ என்று உங்கள் பத்திரிகையில் வரும் ஒற்றை வரி இவர்களுக்கு என்ன சொல்லும்? அதையும் இராசிபலனுக்குப் பக்கத்தில் போடுகிறீர்கள்! வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விடும் நாட்களில் அதை முதற்பக்கத்தில் போடுங்கள். காலையில் அச்சான பேப்பர் பிற்பகல் மின்னலுக்குப் போதாதுதான். ஆகவே பிரதேச செயலகங்கள் கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிக்க ஒழுங்கு செய்யட்டும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கும்வரை செய்தாலே போதும்.

வாசகர் ஒருவர்,
வவுணதீவு