புளி போட்டுத் தேய்த்தால் அசலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் பழங்காசு பற்றிய கட்டுரை படித்தேன். செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளத்தால் அசலாம். காந்தத்தில் ஒட்டாவிட்டால் சந்தேகமே வேண்டாமாம். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கும் அசல் நாணயம்தான். போன மாதம் வார்த்த போலியும் புளிக்குப் பளபளக்கும், காந்தத்தில் ஒட்டாது. செம்பு முலாம் பூசிய இரும்பை வேண்டுமானால் காந்தம் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. தாங்கள் அறியாததல்ல.

எதிர் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் அதைப் படித்துவிட்டு, மாமனார் வைத்துவிட்டுப் போன காசை விளக்கி எடுத்துவந்தார். 1845ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சென்ட், விக்டோரியா தலை போட்டது. அசலேதான். ஆனால் உரித்த இறால் நிறத்தில் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராணியின் கூந்தல் வரிகள் மழுங்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். அத்தனை வருடம் படிந்த பழுப்பு ஒரே காலையில் சிங்க்கில் போய்விட்டது. “பேப்பர்லதானே தம்பி போட்டிருந்தாங்க” என்றார். நான் என்ன சொல்ல?

இது முதல் தடவையும் இல்லை. முன்பொரு தீபாவளி மலரில், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1616ஆம் ஆண்டுக் கம்பெனி காசு என்று படம் போட்டு ‘அரிய பொக்கிஷம்’ என்றீர்கள். 1616இல் ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அவையில் அந்தக் கம்பெனியின் வியாபாரச் சலுகைக்காகக் காத்துக் கிடந்தார். அந்தக் கம்பெனி ராமருக்குக் காசு அடித்ததாம்! அப்போதே கடிதம் எழுதினேன். இடமில்லை போலும், ராசிபலனுக்கு இருந்தது. பிறகு ஒரு வியாபாரி அந்தப் பக்கத்தையே வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசையில் வைத்துக்கொண்டு, அதே மாதிரிக் காசுக்கு என்னிடம் 80 வெள்ளி கேட்டார்.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடும்வரை, தரையில் கடை விரித்திருந்த பெரியவர்கள் காசைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இப்போது எல்லாம் கைப்பேசிப் படம். விளிம்பை மட்டும் யாரும் காட்டுவதில்லை. பார்க்க வேண்டியதே அதுதான். என் மைத்துனர் அப்படித்தான் ஒரு ராஜராஜன் காசு வாங்கினார். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு, அதை அரத்தால் ராவிய தடம். அச்சில் அடித்த காசில் அது வராது, வார்த்ததில்தான் வரும். ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற நாகரி எழுத்து மெழுகாய் உருகிக் கிடந்தது. நடுவில் ஊசிக்குத்து மாதிரி காற்றுக் குழிகள். அசல் சுமார் நான்கு கிராம் இருக்கும், இது ஆறைத் தாண்டியது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். ஆயிரம் வருடக் களிம்பு பச்சைச் சாயமாகப் பஞ்சில் வந்துவிட்டது.

போகட்டும், அரசாங்கம் அடித்தால்தான் அசல் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் சேவல், ஹிஜ்ரி 1247 என்று ஆண்டு, ஜாவியில், அதாவது மலாய் மொழிக்கான அரபு எழுத்தில், ‘தானா மெலாயு’ (மலாய் நாடு) என்ற வாசகம்: இந்தச் செப்புக் காசுகளைச் சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் அடிக்கவைத்து இறக்கினார்கள். எந்த அரசும் அடிக்கவில்லை. சேர்ப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்கும் காராங்குனியிடம் போட்டுவிடச் சொல்கிறீர்களா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய செப்புக் காசைப் புளி, எலுமிச்சை, பிரஷ் எது கொண்டும் தேய்க்க வேண்டாம் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனிக் காசுப் படம் போட்டால் எடையும் விட்டமும் சேர்த்துப் போடுங்கள், முடிந்தால் விளிம்பையும் ஒரு படம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், தோ பாயோ
(பெயர் வெளியிட வேண்டாம்)