ஆண்டறிக்கை: ஹாண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானங்களைப் பயின்ற ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் பணிவான வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு அதன் வடிவமைப்பையும் வாழ்க்கையையும் முழுமையாகப் பயில்வது நம் வான்பறப்பு வரலாற்று வட்டத்தின் வழக்கம். அவ்வகையில் இந்த ஆண்டு, முதல் உலகப் போரில் பிரிட்டன் களமிறக்கிய முதல் பெரிய குண்டுவீச்சு விமானங்களான ஹாண்ட்லி பேஜ் ஓ/100, அதன் வழிவந்த ஓ/400 ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்க இருப்பதாலும், உறுப்பினர் சேர்க்கை பற்றிய விவரம் செயற்குழுக் குறிப்பேட்டிலேயே இருப்பதாலும், இவ்வறிக்கையைப் பெரும்பாலும் நாம் பயின்ற பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் அமர்வில் இந்த விமானம் ஏன் பிறந்தது என்பதை ஆராய்ந்தோம். 1914 நவம்பரில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரிலிருந்த, செப்பலின் என்னும் ஜெர்மன் வான்கப்பல்களின் கொட்டகைகளைத் தாக்கச் சென்ற பிரிட்டிஷ் கடற்படையின் மூன்று அவ்ரோ விமானங்கள் ஒவ்வொன்றும் சுமந்து சென்றவை நான்கே நான்கு 20 பவுண்டு குண்டுகள்தான். அத்தனை தொலைவு பறந்து சென்று இவ்வளவு சிறிய சுமையை இறக்குவதால் போரின் போக்கு மாறிவிடாது என்பதைக் கடற்படையினர் நன்கு உணர்ந்திருந்தனர். எதிரியை ஒரேயடியாக முடக்கிப்போடும் விமானம் ஒன்று வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை, கடற்படை வான்துறையின் இயக்குநர் மரே சூட்டர் வழியாக அடுத்த மாதமே ஃபிரெடரிக் ஹாண்ட்லி பேஜிடம் வந்து சேர்ந்தது. 1909இல் விமான நிறுவனம் தொடங்கி, லண்டனின் கிரிக்கில்வுட் பகுதியில் பட்டறை வைத்திருந்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஜார்ஜ் வோல்கர்ட் என்ற இளம் வடிவமைப்பாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதுவரை பிரிட்டனில் எவரும் கட்டியிராத அளவில் ஒரு விமானத்தை வரைய அவர் முற்பட்டார்.

பெயரிலுள்ள நூறு என்ற எண் இறக்கையின் அகலத்தைக் குறிப்பது. ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 100 அடியும், மூக்கிலிருந்து வால்வரை ஏறத்தாழ 63 அடியும், தரையிலிருந்து 22 அடி உயரமும் கொண்ட இந்த இரட்டையடுக்கு இறக்கை விமானத்தின் எலும்புக்கூடு மரத்தாலும் போர்வை துணியாலும் ஆனவை. இரு அடுக்குகளுக்கும் நடுவே, உடற்பகுதிக்கு இருபுறமும், ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் எஞ்சின்கள் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தன. இவ்வளவு பெரிய விமானத்தை நிறுத்தி வைக்கக் கொட்டகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, இறக்கைகளைப் பின்புறமாக மடித்து வைக்கும் ஏற்பாட்டையும் செய்திருந்தனர். 1915 டிசம்பர் 17 அன்று ஹெண்டன் திடலில் முதன்முதலாக மேலெழும்பியபோது விமானிகளின் அறை கண்ணாடியால் மூடப்பட்டிருந்தது. எஞ்சின்களையும் ஆட்களையும் காக்கக் கவசத் தகடுகளும் இருந்தன. எடையும் இடைஞ்சலுமே மிச்சம் என்று தெரிந்ததும் அவ்விரண்டையும் நீக்கிவிட்டு, விமானிகளைத் திறந்த வெளியிலேயே அமர்த்தினர். பனிக்கால இரவுகளில் எட்டு மணி நேரம்வரை அந்தக் குளிர்காற்றில் அமர்ந்து பறந்தவர்களை எண்ணும்போது, பொறியியல் நோக்கில் சரியான முடிவுக்குக்கூட யாரோ ஒருவர் தம் உடலால் விலை கொடுத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

குண்டுகளை வைத்த முறையைப் பற்றி உறுப்பினர்கள் மிகுதியாகக் கேள்வி எழுப்பினர். ஒவ்வொன்றும் 112 பவுண்டு எடையுள்ள பதினாறு குண்டுகள், மூக்கு மேலே இருக்கும்படி, உடற்பகுதிக்குள் நெட்டுக்குத்தாகத் தொங்கவிடப்பட்டிருந்தன. அவற்றின் கீழிருந்த தளம் தேன்கூட்டைப் போலச் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஸ்பிரிங் வைத்த மூடி உண்டு. விடுவிக்கப்பட்ட குண்டு தன் எடையாலேயே மூடியைத் தள்ளிக்கொண்டு விழும். அது விழுந்ததும் மூடி தானே சாத்திக்கொள்ளும். குண்டுக் கதவைத் திறக்கவோ மூடவோ வேறு எந்தப் பொறியும் தேவைப்படவில்லை. எளிமையும் நம்பகமும் ஒருங்கே அமைந்த இந்த ஏற்பாட்டை இந்த விமானத்தின் மிகத் தேர்ந்த அம்சங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த ஆண்டின் மிகச் சிறந்த அமர்வு எது என்று கேட்டால், வால் நடுக்கத்தைப் பற்றிய அமர்வையே தயங்காமல் சொல்வேன். சோதனைப் பறப்புகளின்போது வேகம் கூடியதும் வாலும் பின் உடற்பகுதியும் கடுமையாக முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கின. எஞ்சினின் அதிர்வுதான் காரணமாக இருக்கும் என்றே முதலில் எவரும் நினைப்பார்கள். 1916இல் இதை ஆராயும்படி அழைக்கப்பட்ட பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர், வெளியிலிருந்து வரும் எந்த அதிர்வும் இதற்குக் காரணமன்று என்றும், காற்றோட்டத்திலிருந்து தானே ஆற்றலை உறிஞ்சி வளரும் ஆட்டம் இது என்றும் கண்டறிந்தார். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்க வாலில் உள்ள அசையும் பலகைகளே எலிவேட்டர்கள்; வலப்புற எலிவேட்டருக்கும் இடப்புற எலிவேட்டருக்கும் தனித்தனிக் கம்பிவடங்கள் இருந்தனவே தவிர, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் உறுப்பு ஏதுமில்லை. எனவே உடற்பகுதி ஒரு பக்கமாக முறுகும்போது ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் போய், அந்த முறுக்கலை மேலும் வளர்த்தன. இரண்டையும் ஒரே உறுதியான குழாயால் இணைத்ததும் ஆட்டம் அடங்கியது. அதே வேளையில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லெனார்ட் பேர்ஸ்டோவும் ஆர்தர் ஃபேஜும் இதைக் கணித வழியில் ஆராய்ந்தனர். இன்று ஃப்ளட்டர் என்று பொறியாளர்கள் அழைக்கும் நிகழ்வைப் பற்றிய முதல் முறையான ஆய்வு இதுவே.

இதை விளக்குவதற்காக, தச்சுப் பணியில் தேர்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மூங்கில் பத்தைகளாலும் பட்டம் செய்யும் காகிதத்தாலும் ஒரு வால் மாதிரியைச் செய்து கொண்டுவந்திருந்தார். இரு எலிவேட்டர்களுக்கும் தனித்தனி நூல் கட்டியிருந்தார். உடற்பகுதியைக் கையால் முறுக்கியதும் இடப்புறக் காகிதம் மேலே சாய, வலப்புறக் காகிதம் கீழே சாய்ந்ததை அனைவரும் அருகில் நின்று பார்த்தோம். பிறகு இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பசைபோட்டுக் காட்டினார். எவ்வளவு முறுக்கியும் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில்தான் நின்றன. கணிதச் சமன்பாடுகளைக் கண்டால் ஒதுங்கிவிடும் உறுப்பினர்கள்கூட அன்று லான்செஸ்டரின் முடிவைத் தாங்களாகவே எடுத்துச் சொன்னார்கள்.

போர்ப் பணியைப் பற்றிய அமர்வுகளுக்கு வருகிறேன். தொடக்கமே சோதனையாக அமைந்தது. 1917 புத்தாண்டு நாளன்று, பிரான்சுக்குப் புறப்பட்ட ஓ/100 விமானம் ஒன்று மேகத்தில் வழி தவறி, லாவோன் நகருக்கு அருகே ஜெர்மானியர் வசமிருந்த நிலத்தில் சேதமின்றி இறங்கியது. பிரிட்டனின் மிகப் புதிய இரகசியம் இவ்வாறு முழுதாகவே எதிரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் மெட்ஸ் நகரை ஒட்டிய ரயில் சந்திப்பின் மீது நடந்த இரவுத் தாக்குதலே இந்த வகை விமானத்தின் முதல் குண்டுவீச்சாகும். ஏப்ரலில் பெல்ஜியக் கடற்கரையோரம் பகலில் பறந்து ஜெர்மன் நாசகாரிக் கப்பல்களையும் தாக்கினார்கள். ஆனால் சில நாட்களுக்குள் ஒரு விமானத்தை இழந்ததும், மெதுவாகச் செல்லும் இவ்வளவு பெரிய விமானத்துக்குப் பகல்வெளிச்சம் பகை என்பதை ஏற்றுக்கொண்டு இரவுப் பணிக்கு மாறினார்கள்.

கிழக்கே நடந்ததும் கவனிக்கத்தக்கது. ஸ்குவாட்ரன் கமாண்டர் கென்னத் சேவரி ஓர் ஓ/100 விமானத்தை இங்கிலாந்திலிருந்து ஏஜியன் கடலின் முத்ரோஸ் தளம்வரை ஓட்டிச் சென்று, 1917 ஜூலையில் கான்ஸ்டான்டினோப்பிளின் மீது பறந்து, துருக்கியக் கொடியேற்றிய கோபன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைக் குறிவைத்துக் குண்டு வீசினார். கோபன் தப்பித்தது, அதனருகே நின்ற யாதிகார்-இ மில்லெத் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது.

இந்த அனுபவங்களிலிருந்தே ஓ/400 உருவானது. எஞ்சின் கூடுகளிலிருந்த பெட்ரோல் தொட்டிகளை உடற்பகுதிக்குள் மாற்றியதால் கூடுகள் குறுகின. காற்றாடியால் சுழலும் பம்புகள் பெட்ரோலை மேல் இறக்கையிலிருந்த சிறு தொட்டிக்கு ஏற்ற, அங்கிருந்து அது தானாகவே எஞ்சினுக்கு இறங்கியது. 360 குதிரைத்திறன் கொண்ட ஈகிள் எட்டாம் வகை எஞ்சின்கள் இரண்டின் துணையால் மணிக்கு 97 மைல் வேகம்வரை செல்ல முடிந்தது. குண்டுச் சுமை 2,000 பவுண்டு. போரின்போது பிரிட்டன் பயன்படுத்திய மிகப் பெரிய குண்டான 1,650 பவுண்டு குண்டையும் இதுவே சுமந்து சென்றது. முந்தைய வகையில் 46 விமானங்களே கட்டப்பட்டிருக்க, ஓ/400 வகையில் 550க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ரயில்பெட்டித் தொழிற்சாலைகளும் இவற்றைக் கட்டியது, அந்நாட்டுத் தொழில்துறை போருக்காக எந்த அளவு திருப்பப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

1918 ஜூனில் பிரிட்டிஷ் வான்படைத் தளபதி ஹியூ டிரெஞ்சார்ட் தலைமையில் அமைக்கப்பட்ட தற்சார்புப் படையின் இரவு விமானங்களில் முதன்மையானவை இவையே. கோதா என்னும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் லண்டனைத் தாக்கியதற்கு ஜெர்மன் மண்ணிலேயே பதில் தர வேண்டும் என்ற அரசியல் நெருக்கடியிலிருந்து பிறந்த படை அது. ஆகஸ்ட் இறுதியில் இரண்டு ஓ/400 விமானங்கள் மான்ஹைமை ஒட்டிய பாடிஷே அனிலின் இரசாயன ஆலையின் மீது சில நூறு அடி உயரத்துக்குத் தாழ்ந்து வந்து குண்டு வீசின. செப்டம்பர் நடுவில் ஒரே இரவில் நாற்பது விமானங்கள்வரை புறப்பட்டன. அடுத்த இரு இரவுகளுக்குள் ஏழு விமானங்கள் திரும்பவில்லை. எதிரியின் பீரங்கிகளைப் போலவே இருட்டில் தரையிறங்குவதும் உயிர் வாங்கியது. பிரெஞ்சு நிலப்பரப்பில் ஒளிவிளக்குக் கம்பங்களை நட்டு, அவை மோர்ஸ் குறியீட்டில் மின்னும் எழுத்துகளைப் பார்த்தே வழி கண்டுபிடித்துத் திரும்ப வேண்டியிருந்தது.

அப்படையினர் வீசிய குண்டுகளின் மொத்த எடை சுமார் 550 டன். அதில் 220 டன் அளவு எதிரி விமானத் திடல்கள் மீதே விழுந்தது. ஜெர்மன் தொழிற்சாலைகளை முடக்கவே அமைக்கப்பட்ட படை தன் குண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்கைத் திடல்கள் மீது செலவழிக்க நேர்ந்தது. பொருட்சேதத்தைவிட மனத்தளவில் ஏற்படும் பாதிப்பு இருபது மடங்கு என்று டிரெஞ்சார்ட் எழுதினார். அந்த இருபதுக்கு எந்த அளவீடும் அடிப்படையாக இல்லை. அளந்து பார்க்காத ஓர் எண் அடுத்த இருபது ஆண்டுகளின் வான்படைக் கொள்கைக்கு ஊட்டமளித்ததையே இந்த வரலாற்றின் மிகக் கவலைக்குரிய பகுதியாக நான் காண்கிறேன். வாலின் நடுக்கத்தை அத்தனை பொறுமையோடு ஆராய்ந்த அதே நாடு, குண்டின் விளைவை அவ்வாறு ஆராய்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே ஆண்டு முழுவதும் பயின்றபின் என்னிடம் உறுதிப்பட்டிருக்கும் கருத்து.

நம் துணைக்கண்டத்துக்கு இவ்விமானங்கள் வந்த கதையை இறுதி அமர்வில் விவாதித்தோம். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் தளபதி அலன்பியின் படைக்கென இருந்த ஒரே ஓ/400, 1918 செப்டம்பர் 19 அதிகாலையில் அஃபூலே நகரின் தொலைபேசி நிலையத்தைத் தாக்கித் துருக்கியப் படைகளின் தகவல் தொடர்பைத் துண்டிப்பதில் பங்கு கொண்டது. ஆஸ்திரேலியரான ராஸ் ஸ்மித் ஓட்டிய அதே விமானம், போர் முடிந்த சில வாரங்களில் சால்மண்ட், போர்டன் ஆகிய தளபதிகளை ஏற்றிக்கொண்டு கெய்ரோவிலிருந்து கல்கத்தாவரை பறந்து வந்தது. எகிப்திலிருந்து இந்தியாவுக்கு நடந்த முதல் வான்பயணம் அது. பெர்லினைத் தாக்குவதற்கென்றே நான்கு எஞ்சின்களுடன் கட்டப்பட்டு, போர்நிறுத்தத்தால் அந்தப் பணிக்குச் செல்லாமலே நின்றுபோன வி/1500 வகை விமானம் ஒன்றும் 1918 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, மால்டா, கெய்ரோ, பாக்தாத் வழியாகக் கராச்சியை அடைந்தது.

அந்த விமானத்தைத்தான் 1919 மே 24 அன்று கேப்டன் ராபர்ட் ஹாலி மலைகளைத் தாண்டி ஓட்டிச் சென்று, மூன்றாம் ஆப்கானியப் போரின்போது காபூல் அரண்மனையின் மீது குண்டு வீசினார். பத்தே நாட்களில் போர்நிறுத்தம் வந்தது என்பதைச் சில உறுப்பினர்கள் விமானத்தின் வெற்றியாக முன்வைத்தார்கள். லண்டன் மீது செப்பலின்கள் குண்டு வீசியபோது காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தவர்கள், அதையே தாங்களும் செய்வதை இப்போது எம் கண்ணால் காண்கிறோம் என்ற பொருளில் மன்னர் அமானுல்லா வைசிராய்க்கு எழுதிய கடிதத்தை வேறு சில உறுப்பினர்கள் வாசித்துக் காட்டினார்கள். அவ்விவாதம் நேரம் கடந்தும் நீடித்தது. வட்டத்தின் சார்பில் இதற்கு முடிவு கூறுவது செயலாளரின் பணியன்று. எனினும், மன்னரின் கேள்விக்கு அன்றும் தக்க பதில் தரப்படவில்லை என்பது என் துணிபு.

முழுமையான ஓ/400 ஒன்றுகூட இன்று உலகில் எங்கும் எஞ்சவில்லை. ஆகவே மூத்த உறுப்பினர் செய்த வால் மாதிரியை நம் நூலக அலமாரியில் கண்ணாடிப் பேழையிட்டு வைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அவருக்கும், அமர்வுகளுக்குக் கட்டுரை தயாரித்த உறுப்பினர்களுக்கும், இடமளித்து உதவியோருக்கும் வட்டத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு, அதே ஈகிள் எஞ்சின்களைக் கொண்டு, போருக்குப் பிந்தியே புகழ்பெற்ற விக்கர்ஸ் விமி விமானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அல்காக்கும் பிரௌனும் அட்லாண்டிக்கைக் கடந்ததும், கல்கத்தாவரை வந்த அந்த ராஸ் ஸ்மித்தே ஆஸ்திரேலியாவரை சென்றதும் அதில்தான். இப்பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்