மாரிக்கு முன் பெக்கப்பை ஒருமுறை திரும்ப ஏற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் கூரை ஓட்டைப் பார்ப்பார்கள், வளவு வாய்க்காலை வெட்டி விடுவார்கள். கடை மேசைக்குக் கீழே நிலத்தில் இருக்கிற கணினியை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாண்டிருப்பில் இருந்துகொண்டு ஏழு இடங்களின் கணினிக் கணக்கைப் பராமரிப்பது என் தொழில். கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலுமாக மூன்று பாமசி, இரண்டு அரிசி மில், ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு ரியூசன் நிலையம். எல்லாக் கணக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடும் தரவுத்தளங்களில் இருக்கிறது. பெக்கப், அதாவது கணக்கின் இன்னொரு பிரதி, எடுக்கிறீர்களா என்று கேட்டால் ஏழு பேரும் ஆம் என்பார்கள். ஒரு பாமசி முதலாளி மேசை லாச்சியைத் திறந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினார். "இந்தா இருக்கு மகள், வெள்ளிக்கு வெள்ளி எடுக்கிறம்." பொய் சொல்லவில்லை. செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு கோப்பு இருந்தது. கடைசி ஒன்பது மாதக் கோப்புகளின் அளவு பூச்சியம். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருக்கிறார்கள், பெக்கப் கட்டளைக்கு அது தெரியாது. வெறும் கோப்பைத் திறந்துவிட்டு, உள்ளே போக முடியாமல் வந்த வழியே திரும்பியிருக்கிறது. லாச்சியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தார், பாவம்.

2004 சுனாமிக்குப் பிறகு என் அப்பா தான் வேலை செய்த சங்கத்தின் பேரேடுகளை வீட்டு மதிலில் விரித்துக் காயவைத்தது எனக்கு நினைவிருக்கிறது. மை கலங்கியிருந்தது, ஆனாலும் பாதிக்கு மேல் வாசிக்க முடிந்தது. உப்புத் தண்ணீர் புகுந்த ஹார்ட் டிஸ்க்கை மதிலில் காயவைத்து ஒன்றும் வாசிக்க முடியாது.

அந்தப் பென் டிரைவுக்குப் பிறகுதான் ஏழு இடத்துக்கும் பொதுவாக ஒரு பெக்கப் சேர்வர் வைத்தேன். பார்மன் என்ற இலவச மென்பொருள்தான் வேலையைச் செய்கிறது. அதற்கு முன்னால் ஒரு சிறிய ஏ.பி.ஐ. சேர்வர். ஏ.பி.ஐ. என்றால் தபால் கந்தோர் யன்னல் மாதிரி. யன்னலில் எழுதியிருக்கிற சேவையை மட்டும் கேட்கலாம், உள்ளே போய் அலுமாரியைக் கிளற முடியாது. கடைசிப் பெக்கப் எப்போது, எத்தனை மெகாபைட், இப்போது ஒன்று எடு, நேற்றைய நிலையை இன்னொரு கணினியில் ஏற்று. ஆரம்பத்தில் இந்த நான்கைத்தான் என் யன்னலில் கேட்க முடிந்தது. பெக்கப் அரை மணி நேரம் ஓடும். அதுவரை இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்பதால், கிளினிக்கில் நம்பர் துண்டு தருவது போல, 202 என்ற பதிலோடு ஒரு இலக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடும். பிறகு அந்த இலக்கத்தைச் சொல்லி, ஓடுகிறதா, முடிந்ததா, தோற்றதா என்று கேட்டுக்கொள்ளலாம். முதலாளிமாரின் போனில் இதெல்லாம் ஒரு பச்சைப் புள்ளி அல்லது சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

நீக்கு என்ற சேவையை நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. என் உதவியாளர் தம்பி கேட்டான், "அக்கா, பழசுகளை எப்படி அழிக்கிறது?" நாள் கணக்கு வைத்துப் பார்மனே கழித்துவிடும், வெளியில் இருந்து யாருக்கும் அந்த அதிகாரம் தேவையில்லை. 2023 ஓகஸ்ட்டில் அரசாங்கத்தின் மேகக் கணினி தாக்கப்பட்டபோது பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. மூலத்தைத் தொட்ட கை பெக்கப்பையும் தொட முடியுமென்றால் அது பெக்கப் இல்லை. பார்மனுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் ஏ.பி.ஐ. கூட 7480ஆம் போர்ட்டில், அதாவது கணினியின் ஒரு இணைப்பு வாசலில், தன் கணினிக்குள் இருந்து வரும் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்படிதான் வருகிறது. எனக்கு வேண்டிய சில வேலைகள் அதில் இல்லாததால் பைதன் என்ற நிரல் மொழியில் நானே ஒன்றை எழுதினேன், ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். வெளியே திறக்கும் கதவு வேறு, அதற்குக் கடைக்கு ஒரு திறப்பு. மில்காரரின் திறப்பு பாமசியைத் திறக்காது.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சேர்வரை ஒருமுறை இடம் மாற்றியபோது, கூட்டுறவுச் சங்கத்தின் தரவுத்தளத்தில் பழைய சேர்வருக்காகத் திறந்த ஸ்லொட்டை அழிக்க மறந்துவிட்டேன். ஸ்லொட் என்றால், ஒரு சேர்வர் வந்து வாங்கும்வரை மாற்றப் பதிவுகளைப் பிடித்து வைக்கச் சொல்லும் குறிப்பு. அந்தச் சேர்வர் வந்து வாங்கிக்கொள்ளும் என்று நம்பி, போஸ்ட்கிரெஸ் தன் மாற்றப் பதிவுகளை 16 மெகாபைட் துண்டுகளாகச் சேர்த்துக்கொண்டே இருந்தது. சில மாதத்தில் வட்டு நிறைந்தது. ஒரு திங்கள் காலை, அங்கத்தவர்கள் வரிசையில் நிற்கும்போது எல்லாம் நின்றுபோனது. தரவைக் காக்க வந்த ஏற்பாடே தரவுத்தளத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது. 2020இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் இருந்து இதற்கு எல்லை போடலாம். நான் போடவில்லை. இப்போது வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் ஏ.பி.ஐ. சொல்கிறது.

சரி, பச்சைப் புள்ளி வந்துவிட்டால் போதுமா? விதைநெல்லை மூடையில் கட்டி வைத்துவிட்டு எங்கள் விவசாயி சும்மா இருப்பதில்லை. ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி, முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வயலுக்குக் கொண்டுபோவார். மாதத்தின் முதல் ஞாயிறு நானும் அதைத்தான் செய்கிறேன். வீட்டிலுள்ள பழைய கணினி ஒன்றில் ஏழு பெக்கப்பையும் ஏற்றி, சனிக்கிழமை பில்களின் எண்ணிக்கை கடையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். முதல் மாதமே ஒரு மில்லின் கணக்கு ஏறவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிரல் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்து வைக்கும், உலகம் அறிந்த கிட்லாப் நிறுவனத்துக்கே, பெக்கப் எடுக்கும் கட்டளையின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாமல் பெக்கப் தோற்றுக்கொண்டிருந்தது 2017 ஜனவரி 31இல்தான் தெரிய வந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லையாம்.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கடலுக்குப் பயந்து பதுளையில் அக்கா வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தேன். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலையையே சரித்துவிட்டது. அக்கா குடும்பம் தப்பியதுதான் பெரிது, டிஸ்க்கைப் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருந்தது. இப்போதைக்குச் சிங்கப்பூரில் ஒரு வாடகை சேர்வரில் இருக்கிறது, மாதா மாதம் டொலர் கணக்கில் பணம் போகிறது.

சங்கங்களின் நிர்வாக சபையில் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் உங்கள் கணினிக்காரரிடம் பெக்கப் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், கடைசியாகத் திரும்ப ஏற்றிப் பார்த்த திகதியைக் கேளுங்கள். திகதி வராவிட்டால் மழை இறுகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பாமசி முதலாளி இப்போது காலை எட்டு மணிக்கே போன் எடுப்பார். போன செவ்வாய், "மகள், இண்டைக்குச் சிவப்பு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். றவுட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு யாரோ போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி
பாண்டிருப்பு, கல்முனை