இவனுக்கு ஏன் ஒருத்தரும் சாப்பாடு குடுக்கேல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒட்டுசுட்டான் சந்திக்கு வந்து சேர எப்படியும் எட்டரை, ஒன்பது மணியாகிவிடும். தம்பிதான் சைக்கிளில் போய் வாங்கி வருவான். முதலில் மரண அறிவித்தல், பிறகு ராசிபலன், பிறகு சிறுகதை. இந்த ஒழுங்கை அவன் மாற்றி நான் கண்டதில்லை. மூன்று கிழமைக்கு முன் உங்கள் பத்திரிகையில் வந்த கதையையும் அப்படித்தான் வாசித்தான். வன்னியில் நடக்கிற கதை. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு விசரன். கிழிந்த சாரம், சடை பிடித்த தலை, வாயில் வீணீர். ஷெல்லடியில் குடும்பத்தைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்தவன். கடைசியில் கொட்டுகிற மழைக்குள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் பஸ்ஸில் அடிபட்டுச் சாகிறான். தம்பி பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்: "அக்கா, இவனுக்கு ஏன் ஒருத்தரும் சாப்பாடு குடுக்கேல்லை?"

நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. மூன்று கிழமையாக யோசித்துவிட்டு இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

தம்பிக்கு இருப்பது மனப்பிளவு நோய். சிசோபிரேனியா என்பார்கள். நான் வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறவள். கதை எழுதத் தெரியாது. ஆனால் கதைகளில் வருகிற விசரர் எல்லாரையும் எழுதியவர்கள் வீதியில் நின்றே பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. படலையைத் திறந்து உள்ளே வந்து, குசினிக்குள் மருந்துப் பேணி எங்கே இருக்கிறது என்று பார்த்த ஒருவரை நான் இன்னும் வாசிக்கவில்லை.

முதலில் ஷெல்லடிக் கதையைச் சொல்கிறேன். தம்பிக்கு வருத்தம் தொடங்கியது 2003 இல். போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் கழிந்து, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் எல்லாம் வந்து போய்க்கொண்டிருந்த காலம். ஷெல்லும் இல்லை, குண்டு போடுகிற கிபிர் விமானமும் இல்லை. அவனுக்கு இருபது வயது, உயர்தரம் இரண்டாம் தடவை எடுக்க இருந்தான். பெரும்பாலும் பதின்வயது முடிகிற நேரத்திலிருந்து முப்பதுக்குள் வருகிற நோய் இது என்று பிறகு வைத்தியர் சொன்னார். போர் இல்லாத நாடுகளிலும் வருகிறது; உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. எங்கள் அப்பாச்சியின் தமையன் ஒருவர் அறைக்குள்ளேயே இருந்து செத்ததாக அம்மா அதற்குப் பிறகுதான் வாய் திறந்தா.

அப்படித் தொடங்கியபோது அவன் சட்டையைக் கிழிக்கவில்லை, கல்லெறியவில்லை. கதையைக் குறைத்தான். குளிக்கச் சொன்னால் "பிறகு" என்பான். சோதனைக் கொப்பியைத் திறந்து அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பின்னேரம் வரை இருப்பான். ஐயா அதைச் சோம்பல் என்று நினைத்து ஒருநாள் பூவரசந் தடியால் அடித்தும் போட்டார். அந்த அடியை நினைத்து அவர் கடைசிவரை அழுதார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் மறைமுகமாகச் சொல்கிறார் என்று தம்பி சொன்ன அன்றைக்குத்தான் எங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அதற்கு முதல் எட்டு மாதம் அந்த நோய் வீட்டுக்குள் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. அந்த எட்டு மாதத்தை எழுத ஆளில்லை. எழுதினால் அதில் ஓட்டமும் இல்லை, மழையும் இல்லை என்பதாலோ தெரியாது.

குரல்கள் விஷயத்துக்கு வருகிறேன். கதையிலும் படத்திலும் குரல் கேட்டால் அது "கொல்லு, கொல்லு" என்றுதான் சொல்லும். சிலருக்கு அப்படி ஏவுகிற குரலும் வரும், அது இல்லை என்று நான் சொல்லவில்லை. தம்பிக்குக் கேட்பது இரண்டு ஆம்பிளைக் குரல், ஒரு பொம்பிளைக் குரல். அவர்கள் செய்வது நேர்முக வர்ணனை. "இந்தா, தேத்தண்ணி குடிக்கிறான். இப்ப கோப்பையைக் கழுவுறான். வடிவாக் கழுவேல்லை." நாள் முழுக்க இதுதான். மனதுக்குள் நினைக்கிற மாதிரியா கேட்கிறது என்று கேட்டேன். "இல்லை அக்கா, நீ கதைக்கிற மாதிரித்தான், வேலிக்கு அங்காலை நிண்டு" என்றான். அதற்குப் பிறகு நான் "அப்படி ஒன்றும் இல்லை" என்று அவனோடு வாதாடுவதை விட்டுவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது, சரி என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போவேன். குரல் கூடினால் ரேடியோவைப் போட்டுவிடுவான். செய்தி வந்தால் மட்டும் நிலையத்தை மாற்றுவான், பழைய பயம்.

'மனப்பிளவு' என்ற சொல்லே எங்களுக்குப் பெரிய கரைச்சல். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு உடம்பில் இரண்டு ஆள் என்று எழுத்தாளர் நினைத்துவிடுகிறார். பகலில் பள்ளிக்கூட வாத்தியார், இரவில் கத்தி தூக்குகிறவர். உண்மையில் 1908 இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒயிகன் புளொய்லர் இந்தப் பெயரை வைத்தபோது சொல்ல வந்தது நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமல் போவதை. இரண்டு ஆள் ஆவது வேறு கதை, அது வேறு பெயருள்ள நோய். யப்பான்காரர் இந்தக் குழப்பத்தைப் பார்த்து 2002 இல் தங்கள் மொழியில் பெயரையே மாற்றிவிட்டார்கள். மனம் பிளந்த நோய் என்று இருந்ததை, ஒருங்கிணைப்புக் குலைந்த நிலை என்ற மாதிரி ஒரு பெயராக்கினார்கள். கிளினிக்கில் இருந்த ஒரு தங்கச்சி இதைச் சொன்னபோது, எங்கள் தமிழ்ப் பேராசிரியர்மாரும் ஒருநாள் கூடியிருந்து யோசிக்கலாமே என்று நினைத்தேன்.

அடுத்தது அந்த வீணீர். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கதையில் வாயில் வீணீர் வடிந்தால், கை நடுங்கினால், கால் ஒரு இடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் நடந்தால், அதெல்லாம் விசரின் அடையாளம். எங்கள் வீட்டில் அது மருந்தின் அடையாளம். முதலில் கொடுத்த குளிசையில் தம்பியின் கை நடுங்கியது, முகம் பலகை போல இறுகியது. அதற்கென்று இன்னொரு குளிசை தந்தார்கள். பிறகு மாற்றிய ஒன்றில் உடம்பு பதினைந்து கிலோ ஏறியது. பழைய காற்சட்டைகள் எல்லாவற்றையும் நான்தான் பிரித்து இடுப்புத் துணி விட்டுத் தைத்தேன். இப்போது எடுப்பது குளோசபின். அதில் குரல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. ஆனால் விடியத் தலையணை நனைந்திருக்கும், வெள்ளை இரத்தக் கலங்கள் குறைந்துவிடுமோ என்று முதல் 18 வாரமும் கிழமைக்கு ஒருதடவை இரத்தம் குத்தி எடுத்தார்கள். அவன் பொறுத்துக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று விழுங்குகிற மருந்தின் ஈரத்தை, எழுத்தாளர் ஐயா கேவலத்தின் அடையாளமாக எழுதிவிட்டுப் போகிறார். சந்தியில் ஒருவரின் கை நடுங்கக் கண்டால், அவர் வைத்தியம் செய்துகொண்டிருக்கிறவர் என்றும் நினைக்க இடமிருக்கிறது.

கலியாணக் கதை இன்னொன்று. நாயகி வந்து அன்பு காட்டினால் நாயகன் குணமாகிவிடுவான், குளிசைப் போத்தலை ஜன்னலால் எறிவான், பின்னணியில் புல்லாங்குழல். இதை நம்பி எங்கள் வீட்டுக்கே பேச்சுக்கால் வந்தது. "ஒரு பெட்டையைக் கட்டி வையுங்கோ, எல்லாம் சரியாகும்" என்று தரகர் சத்தியம் பண்ணினார். அந்தப் பெட்டைக்கு வருத்தத்தைச் சொல்லாமல் செய்வோம் என்றும் சொன்னார். அம்மா அவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினா. இந்த வருத்தக்காரர் கலியாணம் கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு கட்டி நல்லாக இருக்கிறவர்கள் உண்டு. ஆனால் தாலியைக் குளிசைக்குப் பதிலாக எழுதாதீர்கள். தம்பியும் ஒருமுறை நல்லாகிவிட்டேன் என்று தானே மருந்தை நிற்பாட்டினான். ஐந்தாவது கிழமை வைரவர் கோயில் கிணற்றடியில் இரண்டு இரவு இருந்தான், தண்ணிக்குள் கதை கேட்கிறது என்று.

கோயில் என்றதும் ஒன்று. கதைகளில் பூசாரி ஒன்றில் கள்ளன், இல்லாவிட்டால் தெய்வம். நாங்கள் பார்வை பார்த்தோம், நூல் கட்டினோம், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தோம். நூல் கட்டிய கிழவர்தான் மூன்றாம் தரம் போனபோது, "பிள்ளை, இது என்ரை கையிலை இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். நூலும் இருக்கிறது, குளிசையும் இருக்கிறது.

போர் முடிந்த 2009 ஐப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், அதனால் சுருக்கமாக. மாசி மாதத்தோடு எங்களிடம் மருந்து முடிந்துவிட்டது. கடைசிப் பதினொரு குளிசையையும் ஷொப்பிங் பையில் சுற்றி என் சட்டைக்குள் வைத்து, பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன். குரல்கள் திரும்பி வந்தன. அந்தக் குரல்களோடுதான் அவன் வைகாசியில் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் வந்தான். செட்டிகுளம் முகாமில் வைத்து மறுபடி மருந்து கிடைத்தது. வன்னியில் ஒரு 'விசரன்' வருகிற கதைகள் எத்தனை வாசித்திருப்பேன், அதில் ஒருவனாவது ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. கத்தி தூக்கியவர்கள்தான் அதிகம். இந்த நோய் உள்ளவர்கள் அடிக்கிறதைவிட அடி வாங்குகிறதுதான் கூட என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தம்பியின் இடது புருவத்துக்கு மேல் ஐந்து தையல் இருக்கிறது. சந்தையில் "விசரா" என்று எறிந்த கல்.

சரி, போர் மனதை ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. ஆனால் அது சடையும் கிழிந்த சாரமுமாக வருவதில்லை. பக்கத்து வளவு அக்கா விடிய ஐந்து மணிக்கு எழும்பிச் சமைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகிறவா. கோயில் திருவிழாவில் சீனவெடி கொளுத்தினால் கையில் இருக்கிற அர்ச்சனைத் தட்டோடு நிலத்தில் குப்புற விழுந்துவிடுவா. இரவில் நித்திரை இல்லை. ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்வது "தலைக்குள்ளை எரியுது, நாரி உளையுது" என்று மட்டும்தான். அதுதான் எங்கள் ஊர் மனவடு. காணாமல் போன பிள்ளைக்காக இருக்கிற தாயையும் விசரி ஆக்கிவிடுகிறார்கள். 2017 மாசி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது நான் ஒரு கிழமை போயிருந்தேன். இன்னும் மகனுக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைக்கிற அம்மா என் பக்கத்தில் இருந்தா. பஸ் நேரம், வழக்குத் தவணை, யார் யார் வந்து என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று திகதியோடு சொல்லுவா. உடலும் கிடைக்காத, பதிலும் கிடைக்காத ஒரு ஆள் வேறு எப்படி இருக்க வேண்டும்? அதற்கு நோய் என்று பெயர் வைத்தால், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு நல்ல வசதி.

போன வருடம் நாலு பெடியன்கள் குறும்படம் எடுக்க எங்கள் கிணற்றடியைக் கேட்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். நடிக்கிறவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, விசர் ஆக்கள் எப்பிடிச் சிரிப்பினம்?" என்றார். "சிரிக்கிறது அவை இல்லைத் தம்பி, பாக்கிற ஆக்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது, எனக்கே பாவமாகப் போய்விட்டது. பிறகு மத்தியானம் வரை தம்பியோடு இருந்து கச்சான் உடைத்தார். படத்தில் கடைசியில் என்ன செய்தார்கள் என்று தெரியாது, எங்களுக்குக் காட்டவில்லை.

'விசர்' என்ற சொல்லை எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. நாங்களே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "விசர்க் கதை கதையாதை" என்கிறோம். சண்டையில் "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று, மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரைச் சொல்லி, வாய் தவறுகிறது. கதையில் ஒரு பாத்திரம் அப்படிச் சொன்னால் அது அந்தப் பாத்திரத்தின் வாய். கதை சொல்கிறவரும் அதே வாயால் "அந்த விசரன் வந்தான், அந்த விசரன் போனான்" என்று எழுதும்போதுதான் குத்துகிறது. அந்த ஆளுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்குமே. இன்னொன்று, மருந்து குடித்துச் சாகிற காட்சியில் எந்த மருந்து, எவ்வளவு என்று விபரமாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து விடுங்கள். படம் எடுக்கிறவர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. கிருமிநாசினிப் போத்தல் தாழ்வாரத்தில் தொங்குகிற ஊர்கள் எங்களுடையவை.

அந்தக் கதையை எழுதியவரோடு எனக்குக் கோபம் இல்லை. வசனம் வடிவாக எழுதுகிறார், மழை வருகிற இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். அவர் விரும்பினால் எங்கள் வீட்டுக்கு வரலாம், விலாசம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே எழுதியிருக்கிறேன். மாதத்தின் முதல் செவ்வாய் மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கிளினிக். மற்ற நாட்களில் தம்பி பின்வளவில் கச்சானுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருப்பான். முதல் அரை மணித்தியாலம் கதைக்க மாட்டான், அதற்காக எழும்பிப் போய்விட வேண்டாம். பீடி வாங்கி வரவும் வேண்டாம். புகை கூடினால் அந்தக் குளிசை உடம்பில் நிற்காது என்று வைத்தியர் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு தமக்கை,
ஒட்டுசுட்டான்.