கொழும்பில் வீட்டில் நாய்க்குட்டி வளர்த்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் சாதி நாய் வைத்துக் குட்டி விற்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு அல்சேஷன் பத்து மாதத்திலேயே படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த மிருக வைத்தியர், இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்றார். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கும்போது வம்சாவளிப் பத்திரம் காட்டினார்கள். தாய் தகப்பனின் இடுப்பைப் படம் எடுத்தீர்களா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அவர்களும் எடுத்திருக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அல்சேஷன், லாப்ரடோர், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களில் கடுவன், பெட்டை இரண்டுக்கும் இரண்டு வயது முடிந்தபின் இடுப்பை எக்ஸ்ரே எடுங்கள். பழுது இருந்தால், எவ்வளவு அழகான நாயானாலும் இணை சேர்க்காதீர்கள். இரண்டு வயது வரை பொறுத்தால், வளர்ந்து முடியாத பெட்டையை முதல் தடவை பருவம் வந்ததுமே கடுவனிடம் விடுவதும் நின்றுவிடும்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ணிவிடலாம். எல்லாம் வெளியே வந்துவிட்டதா, உள்ளே ஒன்று தங்கிவிட்டதா என்று ஈனும் இரவில் தவிக்க வேண்டாம்.

அப்புறம் இந்த ஃபேன். கொழும்புப் புழுக்கத்தில் தாய்க்கு மூச்சு வாங்கும், நாமும் பாவம் என்று ஃபேனைத் திருப்பிவிடுவோம். பிறந்த குட்டிக்கோ தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. முதல் வாரம் அது கிடக்கும் இடம் 30 பாகை அளவில் இருக்க வேண்டும். மழை இரவில் நம் வீடு அதற்குக் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த குட்டி பால் குடிக்காது, குடித்தாலும் செரிக்காது. பெட்டியைக் காற்றுப் படாத மூலையில் வையுங்கள். தாய் எழுந்து போய்ப் படுக்கக் குளிர்ந்த தரை பக்கத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்க வேண்டும், தாய்க்கும் சேர்த்து. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி இரண்டு மூன்று நாளில் செத்துப்போகலாம்.

என் மனதை அதிகம் உறுத்துவது ஐந்து வாரத்தில் குட்டியைக் கொடுத்துவிடுவதுதான். எங்களுடையதும் அப்படி வந்ததுதான். கடித்தால் நோகும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்தவையோடு விளையாடும் அந்த வாரங்களில். ஓட்டோ இரைச்சல், கடற்கரை ரயிலின் சத்தம், வீட்டுக்கு வரும் புது மனிதர், எல்லாம் பழகுவதும் அந்த வயதில்தான். எட்டு வாரம் வரை வைத்திருந்தால் பாலுக்கும் தீனிக்கும் செலவாகும், வீடும் நாறும். அந்தச் செலவை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள், கொடுக்கிறோம்.

வாங்குகிறவர் வைத்திருக்க முடியாமல் போனால் குட்டியைத் தெருவில் விடாமல் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு வாக்குக் கொடுங்கள். அடுத்த முறை யாராவது, "இன்னும் சின்னதாய் இல்லையா?" என்று கேட்டால், ஐந்து வாரக் குட்டிக்கு எட்டு வாரம் ஆகட்டும் என்று, மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் குட்டி வாங்கும் ஒருவர்