உன் சமையல் காரணமில்லை, பாப்பா

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் உட்கார்ந்து எழுதிவிட்டேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைத்த உங்கள் வீட்டில், சுவரில் பிடித்த பூஞ்சணத்தை நீ எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டை விற்ற ஆள், "நீங்கள் தினமும் கறி சமைக்கிறீர்கள், அந்த ஆவிதான் பூஞ்சணமாகிறது" என்று சொன்னானாமே. நீயும் அதை நம்பி ரசம் வைப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டாய் என்று அம்மா சொன்னாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மூடி போட்டுச் சமை. அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் காற்றை நிஜமாகவே வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டி உன் முகத்திலேயே திருப்பி ஊதுகிறதா என்று ஒரு தடவை பார். சமையல் விஷயம் அத்தோடு முடிந்தது. படத்தில் கறை இருப்பது படுக்கையறையில், வெளிச்சுவரில், அலமாரிக்குப் பின்னால். சமையல் ஆவி அடுப்படியை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருமா?

அந்த ரோஸ் நிறத் திட்டு எனக்குப் பழக்கமான ஒன்று. பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல் ஏர்கோன் வேலை பார்த்த காலத்தில் அறை அறையாகப் பார்த்திருக்கிறேன். அழகாக வால்பேப்பர் ஒட்டியிருப்பார்கள், பிளாஸ்டிக் பூச்சு உள்ளது. கொஞ்ச நாளில் வெளிச்சுவர்ப் பக்கம் ரோஸாகவும் ஊதாவாகவும் கறை தெரியும். ஓரத்தைப் பிடித்து உரித்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. மேனேஜர் குளோராக்ஸ் பிளீச் வைத்துத் துடைக்கச் சொல்வார். துடைப்பது முன்பக்கத்தை, பூஞ்சணம் இருப்பதோ பின்பக்கத்தில். அடுத்த மாதம் அதே கறை, அதே குளோராக்ஸ்.

தே ஐஸ் (ஐஸ் போட்ட டீ) கிளாசின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அது கிளாஸ் ஒழுகுவதால் இல்லை. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. எந்த வெப்பத்தில் அது தண்ணீராகத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்பார்கள். பினாங்கில் வருடம் முழுக்க அது 24 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் உங்கள் போமொண்ட் ஊரிலும், டெக்சஸ் கடலோரம் என்பதால், ஏறக்குறைய அதேதான். வீட்டுக்குள்ளே ஏர்கோனை 20 டிகிரிக்கு வைத்தால் உள்சுவரும் அதே குளிருக்கு வந்துவிடும். வெளிக்காற்றின் ஈரம் சுவருக்குள் புகுந்து உள்ளே வரப் பார்க்கும்போது அந்தப் பிளாஸ்டிக் தோலின் பின்பக்கத்தில் தடுக்கப்பட்டு அங்கேயே நீராகி நிற்கும். ஜிப்சம் பலகையின் காகிதம் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி.

உன் வீட்டுச் சுவரும் அப்படித்தான் தெரிகிறது. பலகைக்குப் பலகை நடுவில் மெல்லிய பட்டை ஓடுகிறது, மேலே பூப்போட்ட வினைல் என்ற பிளாஸ்டிக் பூச்சு. தொழிற்சாலையிலேயே வினைல் ஒட்டிய ஜிப்சம் பலகையை அடித்துவிடுவார்கள், பெயின்ட் வேலை மிச்சம். குளிர் நாட்டில் இப்படி ஈர ஆவியைத் தடுக்கும் தோலை உள்பக்கம் வைப்பது சரி, ஏனென்றால் அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. உங்கள் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி அது தலைகீழ். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்தால், அப்போது குளியலறை ஆவி, சமையல் ஆவி என்று பேசலாம். ஆகஸ்டில் வந்த கறைக்கு உன் ரசத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, வெளிக்காற்று எப்படி உள்ளே வருகிறது? உன்னுடையது மாதிரித் தொழிற்சாலை வீடுகளில் ஏர்கோன் குழாய் தரைக்கு அடியில் ஓடுகிறது. நம் ஊர் மாதிரி சுவரில் மாட்டிய பெட்டி இல்லை. தரைக்குக் கீழே வெப்பம் தடுக்கும் பஞ்சு, பஞ்சைத் தாங்கிப் பிடிக்க ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உறை, அதற்குள்ளே குழாய். உன்னுடையது இரண்டு பாதியாக லாரியில் கொண்டுவந்து ஒட்டிய வீடு. ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குக் குளிர்காற்று போக, வீட்டுக்கு அடியில் தடித்த வளையும் குழாய் ஒன்று இருக்கும். அது கழன்று தரையில் விழுந்து கிடப்பது இந்த வீடுகளில் சர்வ சாதாரணம். பைப் ரிப்பேருக்கு வந்தவன் உறையைக் கிழித்துவிட்டு அப்படியே போயிருப்பான், எலி ஓட்டை போட்டிருக்கும்.

இதனால் குளிர்காற்று வீணாகிறது, கரண்டு பில் ஏறுகிறது. அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. ஏர்கோன் வீட்டுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சுகிறது, ஆனால் அதில் ஒரு பங்கை அடியில் கொட்டிவிடுகிறது. அந்தக் குறையை நிரப்ப வீடு வெளியிலிருந்து இழுக்கும். இரண்டு பாதியும் சேரும் இடுக்கு, லைட் பெட்டி, பைப் ஓட்டை, சுவர் உள்பக்கம் என்று எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே. நீ இருபத்து நாலு மணி நேரமும் காசு கொடுத்து ஈரக்காற்றை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சாமி அறையில் ஊதுபத்தி இருக்குமே. எல்லா ஜன்னலையும் மூடு, சமையல் ஃபேன், குளியலறை ஃபேன், துணி உலர்த்தும் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்து, ஏர்கோனை ஓடவிடு. வாசல் கதவை ஒரு விரல் அளவு திறந்து, இடுக்கில் ஊதுபத்தியைப் பிடி. புகை உள்ளே பாய்ந்தால் வீடு இழுக்கிறது. அப்புறம் படுக்கையறைக் கதவுகளை மூடிவிட்டு இன்னொரு முறை பார். அப்போது மட்டும் அதிகம் இழுத்தால், அறைக்குள் ஊதும் காற்று திரும்பி வர வழியில்லை என்று பொருள். கதவின் அடியை இழைத்துக் குறைத்தால் அல்லது கதவில் கிரில் வைத்தால் போதும்.

வீட்டுக்கு அடியில் மாப்பிள்ளை நுழைய நினைத்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீளக் கை சட்டை, முகமூடியோடு போகச் சொல். வெளியே ஒருவர் நிற்க வேண்டும், அங்கும் பாம்பு உண்டு. ஈரமாகத் தொங்கும் பஞ்சைப் பிடுங்கி எறியலாம். குழாய் மூட்டுகளை மாஸ்டிக் பசை பூசி அடைக்க வேண்டும். துணி டேப் சுற்றினால் ஒரு வெயில் காலத்தில் உரிந்துவிடும். விழுந்த குழாயைத் தரையில் படாமல் பட்டை போட்டுத் தூக்கிக் கட்டி, உறையின் கிழிசலையும் ஒட்ட வேண்டும். முடியாவிட்டால் இந்த வீடுகளில் பழகிய ஆளையே கூப்பிடு. சாதாரண ஏர்கோன்காரன் வெளி யூனிட்டில் கேஸ் நிரப்பிவிட்டுப் போய்விடுவான். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

அடியில் இருக்கும்போதே மண்ணையும் பார்க்கச் சொல். வெறும் மண்ணாக இருந்தால் அதிலிருந்து ஈரம் எழும்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்க விதிப்படி குறைந்தது 6 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டை, விளிம்புக்கு விளிம்பு 12 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரிக்க வேண்டும். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வீதம் மண் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். துணி உலர்த்தும் மெஷினின் சூட்டுக்குழாயும் ஏர்கோன் தண்ணீர்க் குழாயும் வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் தடுப்பைத் தாண்டி வெளியே போகின்றனவா? பல வீடுகளில் அடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால் உன் துணியில் இருக்கும் அத்தனை ஈரமும் உன் தரைக்குக் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மாவின் தோட்டத்து வீடும், ஆயர் ஹித்தாம் பக்கம் நாம் பார்த்த கம்போங் (கிராமத்து) வீடுகளும் தூண் மேல்தான் நின்றன. அடியில் காற்று போகும், பலகை இடுக்கிலும் காற்று வரும், உள்ளே வெளியே ஒரே வெப்பம். அதனால் நீர் கோக்கவில்லை. "ஜன்னலைத் திறந்து வை, காற்றோட்டம் வேண்டும்" என்று அம்மா உனக்குச் சொல்வது அந்த நினைப்பில்தான். ஏர்கோன் போடும் வீட்டில், கோடைக்காலத்தில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா பேச்சைக் கேட்காதே. ராத்திரி திறந்துவிட்டுக் காலையில் குளிரூட்டினால், இரவெல்லாம் மெத்தையும் துணியும் குடித்த ஈரத்தை ஏர்கோன் நாள் முழுக்கக் கக்க வைக்க வேண்டியிருக்கும்.

தெர்மோஸ்டாட்டை மாப்பிள்ளை 68 ஃபாரன்ஹீட்டில் வைக்கிறார் என்றாய். அவருக்கு வேர்க்கும், தெரியும். ஆனால் 76இல் வைக்கச் சொல், நம் கணக்கில் 24 டிகிரிக்குச் சற்று மேல். ஃபேன் சுவிட்ச் 'ஆன்' என்று இருந்தால் 'ஆட்டோ'வுக்கு மாற்று. கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், குளிர்க் குழாய்ச் சுருளில் (காயில்) பிடித்த தண்ணீரை அதுவே திரும்ப வீட்டுக்குள் ஊதிவிடும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வை, விலை அதிகமில்லை. 60 சதவீதத்துக்கு மேலே போகக்கூடாது, 50க்குப் பக்கம் இருந்தால் நிம்மதி. குழாயெல்லாம் அடைத்த பிறகும் இறங்கவில்லை என்றால் ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கு. ஆனால் அடைப்பதற்கு முன்னால் வாங்காதே, ஊர்க்காற்றை எல்லாம் நீ உலர்த்திக்கொண்டிருக்க முடியாது.

கழிப்பறை ஓரம் தரை மெத்தென்று அமுங்குகிறது என்று போகிற போக்கில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. பழைய தொழிற்சாலை வீடுகளில் பல இடங்களில் மரத்தூள் பலகைதான் தரை. 2017 நவம்பர் வெள்ளத்தில் நம் வீட்டு டிவி அலமாரி என்ன ஆனது, தாத்தாவின் செங்கால் என்ற கெட்டி மரப் பெட்டி என்ன ஆனது என்று நீயே பார்த்தாய். பெட்டியைத் துடைத்து வைத்தோம். அலமாரி உப்பி, உதிர்ந்து, குப்பைக்குப் போனது. மரத்தூள் பலகை ஒரு முறை உப்பினால் காய்ந்தாலும் பழையபடி வராது, வெட்டி எடுத்து ப்ளைவுட் போட வேண்டும். ஆனால் முதலில் கசிவு. கழிப்பறையின் அடி வளையம், தண்ணீர் சூடாக்கும் தொட்டி, இரண்டையும் பார். எது நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சணம் பெரும்பாலும் பிடிக்காது.

சுத்தம் செய்வதைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் ஈரம் நின்ற பிறகு செய்ய வேண்டிய வேலை அது. பத்து சதுர அடிக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை சொல்கிறது. என்95 முகமூடி, கையுறை, கண்ணாடி. கெட்டியான பரப்பைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து உலர்த்து. பூத்த ஜிப்சத்தைத் துடைக்காதே, வெட்டி எடு. குளோராக்ஸை அம்மோனியா உள்ள எதனோடும் கலக்கவே கலக்காதே, நச்சு வாயு வரும். பேரனை அந்த நேரத்தில் வீட்டில் வைத்துக்கொள்ளாதே. அவன் இருமலுக்கு டாக்டரிடம் வீட்டில் பூஞ்சணம் இருப்பதையும் சொல். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

பெரிய அளவில் இருந்து ஆள் கூப்பிட வேண்டி வந்தால் டெக்சஸ் சட்டம் உனக்குச் சாதகம். ஒரே இடத்தில் 25 சதுர அடி அல்லது அதற்கு மேல் பூஞ்சணம் இருந்தால் லைசென்ஸ் உள்ளவர்தான் நீக்க வேண்டும். ஒரே வேலையில் சோதித்துச் சொல்பவரும் நீக்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. "நானே டெஸ்ட் செய்து நானே முடித்துத் தருகிறேன்" என்று வருபவனை வாசலோடு அனுப்பிவிடு. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்துக்கு என்ன வகை என்று லேபில் காசு கொட்டவும் வேண்டாம். கறுப்பாக இருப்பதெல்லாம் கொடிய வகையும் இல்லை, வெளுப்பாக இருப்பதெல்லாம் சாதுவும் இல்லை. எதுவானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

அந்த ஆள் "கறை மேலே நல்ல பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்றானாமே, விடாதே. வெளிச்சுவரில் பலகை மாற்றினால் வினைல் இல்லாத சாதாரண ஜிப்சம், மேலே தண்ணீரில் கரையும் பெயின்ட் போதும். எண்ணெய் பெயின்ட் பூசினால் இன்னொரு பிளாஸ்டிக் தோல் போட்ட மாதிரி. கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளி வை.

இன்னொரு விஷயம். 1976 ஜூன் 15 முதல் இந்த வீடுகளுக்கு அங்கே மத்திய அரசின் கட்டுமான விதி இருக்கிறது. அதன்படி கட்டிய வீட்டின் ஒவ்வொரு பாதியிலும் வெளியே சிவப்பு உலோகத் தகடு இருக்கும். உள்ளே, கரண்டு பெட்டிப் பக்கமோ சமையல் அலமாரிக்குள்ளோ துணி அலமாரியிலோ ஒரு காகிதத் தாள் ஒட்டியிருக்கும். எந்த வருடம், எந்தத் தட்பவெப்பப் பகுதிக்குக் கட்டியது என்று அதில் போட்டிருப்பார்கள். குளிர்ப் பிரதேசத்துக்குக் கட்டிய வீட்டை உன் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாள், ஊதுபத்திச் சோதனை, வீட்டு அடிப்பக்கம் மூன்றையும் படம் பிடித்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை நம் நேரம் ஒன்பது மணிக்கு நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூப்பிடுங்கள், அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள்.

அன்புடன்,
அப்பா